விருந்தாளியாகப் போய் வா

கோடை விடுமுறையில் ஹைஸ்கூல் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று யார் கேட்டாலும் நான் "அனுப்புங்கள்" என்றுதான் சொல்வேன். நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் நெடுங்காலம் கவுன்சிலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜனவரி பிறந்ததும் கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். "சார், பெரு நாட்டுக்கு மூணு வாரம். ஸ்பானிஷும் கத்துக்கலாம், ஸ்கூல் கட்டவும் ஹெல்ப் பண்ணலாமாம். காலேஜ் அப்ளிகேஷனுக்கு நல்லதுதானே?" என்பார்கள்.

மொழி கற்பது ஒரு காரியம். பிறருக்கு உதவுவது இன்னொன்று. கல்லூரியில் இடம் வாங்குவது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துவிட நினைக்கும்போது, பிள்ளை தான் அங்கே யார் என்பதையே மறந்து விமானம் ஏறிவிடுகிறது. பதினாறு வயதில் அந்நிய நாட்டுக்குப் போகும் பிள்ளை அந்த ஊருக்கு விருந்தாளி. யாரோ சமைத்துப் போடுவார்கள், யாரோ வழி காட்டுவார்கள், யாரோ பொறுமையாக மொழி சொல்லித் தருவார்கள். அங்கே அது பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அதை உணர்ந்து, வெட்கப்படாமல், மரியாதையோடு பெற்றுக்கொள்ளத் தெரிந்த பிள்ளை வளர்ந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பிய பிள்ளைகளில் பலர், போட்டோக்களோடு வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பயணங்கள் எப்படித் தொடங்கின என்பதைப் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. 1915இல், முதல் உலகப் போரில் அமெரிக்கா இன்னும் இறங்காத நேரம். ஹார்வர்டில் பொருளியல் கற்பித்த ஏ. பியட் ஆண்ட்ரூ என்பவர் அமெரிக்க இளைஞர்களைப் பிரான்சில் திரட்டி, காயம்பட்ட பிரெஞ்சு வீரர்களைப் போர்முனையிலிருந்து ஏற்றிவரும் தொண்டர் படை ஒன்றை அமைத்தார். அதற்கு அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ் என்று பெயர். ஃபோர்டு மாடல் டி வண்டிகளே ஆம்புலன்ஸாக ஓடின. இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, இந்திய-பர்மா எல்லை என்று எங்கும் வண்டி ஓட்டினார்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதை முகாமில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தவர்களை வெளியே தூக்கிவந்தவர்களிலும் இந்த ஓட்டுநர்கள் இருந்தார்கள்.

போர் முடிந்தபின் அவர்கள் கலைந்து போயிருக்கலாம். ஆனால் 1946இல் நியூயார்க்கில் கூடி, பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அழைத்துப் படிக்கவைப்பது என்று முடிவு செய்தார்கள். 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்தார்கள். இன்று ஏ.எஃப்.எஸ். என்று உலகம் முழுக்கத் தெரிந்த அமைப்பு இதுதான். மனிதர்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்துகொள்வார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். இடிந்து கிடந்த ஐரோப்பாவுக்குப் பதின்வயதுப் பிள்ளைகளை அனுப்பிக் கட்டடம் கட்டவைக்கலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டில் சாப்பிட்டு, படித்து, பழகி வளரட்டும் என்று நினைத்தார்கள். எனக்கு அது மிகப் பெரிய முடிவாகத் தெரிகிறது.

அதற்கும் முன்னால், 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் இதே எண்ணத்தோடு ஒரு முயற்சியைத் தொடங்கினார். 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். முதலில் அமெரிக்க இளைஞர்களையும் ஐரோப்பிய இளைஞர்களையும் ஒரே முகாமில் தங்கவைத்தார். எதிர்பார்த்த நெருக்கம் வரவில்லை. பிறகுதான் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு குடும்பத்தில் தங்கவைக்கும் வழிக்கு வந்தார். அந்த அமைப்பின் மூலம் 1934இல் ஜெர்மனியில் ஒரு கோடையைக் கழித்த இளைஞர்களில் சார்ஜென்ட் ஷ்ரைவரும் ஒருவர். 1961இல் அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் பீஸ் கோர் அமைப்பைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. அந்த பீஸ் கோர் தொண்டர்கள் பதினெட்டு வயது நிரம்பியவர்கள், போகும் நாட்டிலேயே மூன்று மாத அளவில் மொழியும் வேலையும் பழகிவிட்டு இரண்டு ஆண்டு தங்குபவர்கள். மூன்று வாரத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளையால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை எண்ணிப் பார்க்க இந்த ஒரு கணக்கே போதும்.

அந்நிய வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். பள்ளியில் ஸ்பானிஷில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை, அங்கே முதல் நாள் குளிக்கத் துண்டு கேட்க வார்த்தை வராமல் நிற்கும். அந்த வீட்டு ஐந்து வயதுக் குழந்தை அதைவிட நன்றாகப் பேசும், திருத்தவும் செய்யும். மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிக்கும். இங்கே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளை அங்கே ஒன்றும் தெரியாதவனாகிவிடுகிறான். அந்த நிலையில் அவனை ஒரு அம்மாள் உட்காரவைத்து, சாப்பிட்டானா என்று பார்த்து, வெளியே போனால் எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டு, காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். அவளுக்கும் அவனுக்கும் ஒரு உறவும் இல்லை. ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி போன்ற அமைப்புகளில் பெரும்பாலான நாடுகளில் இந்தக் குடும்பங்கள் காசு வாங்குவதில்லை. இதை அனுபவித்த பிள்ளைக்கு நன்றி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எக்வடோரில் மலை ஊர் ஒன்றில் ஒரு கோடை முழுக்கத் தங்கிப் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். சமூக சேவை என்று எதுவும் அவள் செய்யவில்லை. காலையில் மொழி வகுப்பு, மாலையில் அந்த வீட்டுப் பாட்டியோடு சந்தைக்குப் போவது, உருளைக்கிழங்கு உரிப்பது, துணியைக் கையால் துவைத்துக் காயப்போடுவது, இவ்வளவுதான். செப்டம்பரில் பள்ளி திறந்தது. குவாத்தமாலாவிலிருந்து புதிதாக வந்து, மதிய உணவுக் கூடத்தில் மூலை மேசையில் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளோடு அவள் போய் உட்கார ஆரம்பித்தாள். முந்தைய ஆண்டும் அப்படி வந்த பிள்ளைகள் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அவர்கள் அவள் கண்ணில் படவில்லை. புரியாமல் சிரிப்பது எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஆண்டு முழுக்க உட்கார்ந்தாள். அவள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதவும் இல்லை.

ஆகவே மொழிப் படிப்பை முதலாக வைத்த திட்டங்களை நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை 2006இல் தொடங்கிய என்.எஸ்.எல்.ஐ.-ஒய். உதவித்தொகை அரபு, சீனம், கொரியன், ரஷ்யன், துருக்கியம் போன்ற மொழிகளைக் கற்க ஹைஸ்கூல் பிள்ளைகளை அந்தந்த மொழி பேசும் இடத்துக்கே அனுப்பப் பணம் தருவதற்காக ஏற்பட்டது. விமானக் கட்டணம், படிப்பு, தங்குமிடம் எல்லாம் அதில் அடங்கும். மொழிகளும் நாடுகளும் அரசின் நிதியைப் பொறுத்தும் உலக நிலவரத்தைப் பொறுத்தும் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாடு எட்டாது என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்ட வாய்ப்புகளை முதலில் தேட வேண்டும். இன்னொரு செய்தி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கட்டடங்களில் கோடையில் நடக்கும் வகுப்புகளில் பலவற்றை, விடுமுறையில் காலியாக இருக்கும் அறைகளை வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. நல்ல வகுப்பாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே படிப்பது அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்ததாகாது, அங்கே சேரவும் அது வழி செய்யாது.

இனி சேவைக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

பிப்பா பிடில் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2014இல் தம் பள்ளிக்காலப் பயணத்தைப் பற்றி எழுதியது பலரும் படித்த ஒன்று. அவரும் வகுப்புத் தோழிகளும் தான்சானியாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நூலகம் கட்டப் போனார்கள். பகலெல்லாம் செங்கல் அடுக்கினார்கள். சுவர் நிற்கிற மாதிரி இல்லை. இரவில் உள்ளூர் ஆட்கள் வந்து, இவர்கள் அடுக்கியதைப் பிரித்துத் திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள், விடிந்தால் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அந்த ஆட்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். பகலில் கூலி வாங்கிக்கொண்டு ஒரே தடவையில் நேராகக் கட்டியிருக்கக்கூடிய கொத்தனார் வேலையை, விருந்தாளிகளின் மனம் நோகக்கூடாதென்று இரவில் விளக்கு வைத்துச் செய்திருக்கிறார்கள். உதவி செய்தது யார்?

1968 ஏப்ரலில் பாதிரியாரும் சிந்தனையாளருமான இவான் இல்லிச், மெக்சிகோவுக்குக் கோடைச் சேவைக்குப் போகவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் இதையே முகத்துக்கு நேராகச் சொன்னார். பார்க்கவும் படிக்கவும் வரலாம், உதவப் போகிறோம் என்று எண்ணி வர வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். கேட்ட பிள்ளைகளுக்குக் கசந்திருக்கும். நான் அவரளவுக்குக் கடுமையாகச் சொல்லமாட்டேன், ஏனென்றால் முறையாகச் செய்த உதாரணங்களும் உண்டு. 1965இல் ஹூஸ்டனில் தொடங்கிய அமிகோஸ் டி லாஸ் அமெரிக்காஸ் அமைப்பு டெக்சஸ் மாநில இளைஞர்களைத் தயார்செய்து, ஹோண்டுராஸில் போலியோ தடுப்பு மருந்து கொடுக்க அனுப்பியது. அங்கே நோய் பரவியிருந்தது, மருந்து தேவையாயிருந்தது, போனவர்கள் அந்த ஒரு வேலைக்குப் பயிற்சி எடுத்துப் போனார்கள்.

நம் இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல், 1920இல் போரில் நாசமான வெர்டன் பகுதிக் கிராமம் ஒன்றில் பல நாட்டுத் தொண்டர்களோடு வீடு கட்டும் வேலையைத் தொடங்கியவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வதேச சேவை இயக்கமான எஸ்.சி.ஐ. 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. செரெசோல் அங்கே வந்து, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியோடு சேர்ந்து, சில தோழர்களோடு கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார். அவர் பொறியாளர், வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. என்ன வேண்டும் என்று உள்ளூர்த் தலைவர்கள் சொன்னார்கள், தனக்குத் தெரிந்த வேலையை அவர் செய்தார். அடுத்த ஆண்டுகளிலும் திரும்பத் திரும்ப வந்தார். சேவை என்று எதையாவது சொல்வதென்றால் இதைச் சொல்லலாம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் நான் சொல்லி வந்தது ஒன்றுதான். உன் ஊரில் உன்னை நம்பிக் கொடுக்காத வேலையை அந்நிய ஊரில் செய்யாதே. இங்கே உன்னை ஊசி போட விடுவார்களா? ரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டு எழுத விடுவார்களா? பயிற்சி இல்லாமல் ஒரு வகுப்பை உன் பொறுப்பில் விடுவார்களா? தாய் தகப்பன் யாரென்று தெரியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு படமெடுத்துப் போட விடுவார்களா? அங்கே விடுகிறார்கள் என்றால் அந்த ஏழைக் குழந்தையைப் பாதுகாக்க ஆளில்லை என்று பொருள். அதை வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கம்போடியாவில் அங்கோர்வாட் பார்க்கப் பயணிகள் பெருகியபோது, இப்படிப்பட்ட இல்லங்களும் பெருகின. அவற்றில் இருக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக யூனிசெஃப் கண்டது. படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பிப் பெற்றவர்கள் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் கொண்டுவரும் பணமும் வரும்வரை இல்லங்களுக்குக் குழந்தைகள் தேவை. 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைமுறையைப் பற்றிய தன் அறிக்கையில், குழந்தைகளை இப்படி இல்லங்களுக்குக் கொண்டுசெல்வதையும் எடுத்துப் பேசியது. அதோடு, வாரம் ஒரு அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போய்விடுவதைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் குழந்தையின் மனம் என்னவாகும்? உங்கள் பிள்ளை எவ்வளவு அன்போடு போனாலும் சரி, குழந்தைகள் இல்லத்துக்குப் போகும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நம்மவர் பலர் ஊருக்கே பிள்ளையை அனுப்பி, "கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கட்டும்" என்கிறார்கள். நியூ ஜெர்சியில் பள்ளி மூடுவது ஜூன் மூன்றாவது வாரம்போல. தமிழ்நாட்டில் ஜூனிலேயே பள்ளி திறந்து பாடம் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளைக்காக அந்த ஆசிரியை தன் பாடத்தை நிறுத்தி, குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து, போனபின் விட்ட பாடத்தை அவசரமாக முடிக்க வேண்டும். அதே பிள்ளை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் எழுதப் பழகட்டுமே. தன்னைவிட ஏழெட்டு வயது சிறிய குழந்தை சிலேட்டில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து எழுதட்டும். அந்த வகுப்புக் குழந்தைகளுக்கும் அது பெருமையாக இருக்கும். தாத்தா பாட்டி ஊரில் நான்கு வாரம், அத்தை வீட்டில் கடைக்குப் போய் வருவது, டவுன் பஸ்ஸில் தனியாக ஏறி இறங்கப் பழகுவது, இதுவும் வெளிநாட்டுப் படிப்புத்தான். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ்நாடு வெளிநாடுதானே.

கல்லூரிக்கு வருவோம். 2016 ஜனவரியில் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியிலிருந்து 'டர்னிங் தி டைட்' என்ற அறிக்கை வந்தது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதற்குத் துணை நின்றார்கள். தூர தேசத்தில் பெயருக்குச் செய்யும் சேவையைவிட, தன் ஊரில் நீண்ட நாள் மனதோடு செய்வது மேல் என்றும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்காக வேலைக்குப் போவது ஆகியவையும் அதே மதிப்புக்கு உரியவை என்றும் அது சொன்னது. எச்-1பி விசாவில் இருந்துகொண்டு, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டு, பிள்ளையின் மூன்று வாரத்துக்காகக் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கான டாலர் இழுக்க நினைக்கும் தகப்பனுக்கு இதைச் சொல்கிறேன். வேண்டாம் தம்பி. கோடையில் மளிகைக் கடையில் வேலை பார்த்த பையன்களுக்கும், நோயாளிப் பாட்டியோடு வீட்டில் இருந்த பெண்களுக்கும் நான் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறேன். சொல்ல எனக்கு நிறைய இருந்தது.

அனுப்புவதென்று முடிவெடுத்தால் சில காரியங்களில் கண்டிப்பாக இருங்கள். பிள்ளை எச்-4 விசாவில் இருந்தால், பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இல்லாமல் வெளியே போனால் பொதுவாகத் திரும்பும் முன் அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் வாங்க வேண்டிவரும். வக்கீலைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். தடுப்பூசிக்கு டிராவல் கிளினிக்கைக் கிளம்புவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்றிதழ் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். நிறுவனத்திடம் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் அந்த ஊரில் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? தங்கும் வீட்டை நேரில் போய்ப் பார்த்தது யார்? இந்த வேலை வேண்டுமென்று கேட்டது அந்த ஊரா, நீங்களா? பிள்ளைகள் திரும்பிய பிறகு செப்டம்பரில் அதை யார் தொடர்கிறார்கள்? நல்ல நிறுவனத்துக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும், பதிலும் பெயரோடும் இடத்தோடும் வரும்.

பிள்ளைக்கும் கொஞ்சம். வைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடு. சைவம் என்றால் போவதற்கு முன்பே எழுதிவிடு. தென் அமெரிக்காவில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரக்கூடும், கோழியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல். சாப்பிட்ட தட்டை நீயே கழுவு. படமெடுக்கும் முன் கேள். மொழி வராத நாளில் அறைக்குள் போய்ப் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதே, சமையலறையில் போய் நில், ஏதாவது நறுக்கக் கொடுப்பார்கள். வீடு திரும்பிய பிறகும் அந்த அம்மாளுக்கு எழுது. அவள் மொழியில், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் எழுது.

பெற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு யாரோ ஒரு வீட்டில் சோறு போட்டார்கள் அல்லவா, அப்படி வேறு நாட்டிலிருந்து இங்கே வரும் பிள்ளைக்கு நம் வீடுகளிலும் இடம் வேண்டும். நம் மக்கள் தயங்குகிறார்கள். "எங்க வீட்ல சாம்பார் சாதம்தானே சார், வர்ற பிள்ளைக்கு அமெரிக்கா பார்த்த மாதிரி இருக்குமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக இருக்கும். அமெரிக்காவில் நம் வீடுகளும் உண்டு என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொண்டு போகட்டும். வெளியுறவுத் துறையின் விதிப்படி அந்தப் பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும், அறை தனியாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒத்த வயதுள்ள, அதே பாலினத்தைச் சேர்ந்த உங்கள் பிள்ளையோடு பகிர்ந்துகொள்ளலாம். வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, வீட்டையும் நேரில் வந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் ஆகஸ்டில் வந்து இறங்குவார்கள். வீடு தேடும் வேலை வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும், கோடை நெருங்க நெருங்க அமைப்புகள் வீடு கிடைக்காமல் தவிக்கும். ஏப்ரலிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.